வட்டத் தாள்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடும் தூக்கமும் நேரத்துக்கு நடக்கின்றன. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் மாடி ஏற விடுகிறதா?

ஆபீஸ் முகவரிக்கு என் கையெழுத்தில் கடிதம் வந்ததைப் பார்த்துப் பயந்திருப்பாய். போனில் பேசலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நடு ஹாலில் உட்கார்ந்துவிடுகிறாள். நான் இருமினால்கூட எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. மெயில் என்றால் லேப் கம்ப்யூட்டரில் நாலு பேர் தலையை நீட்டுவார்கள். அதனால்தான் தபால்.

முதலில் நல்ல செய்தி. தீசிஸில் நாலு அத்தியாயம் முடிந்தது, கடைசி அத்தியாயத்தில் இருக்கிறேன். அதைக் கொடுத்துவிட்டால் ஐந்து வருட ஜெயில் முடிந்தது. இன்னும் ஒரே ஒரு முட்டுக்கட்டை, அதுவும் உன் ஆட்கள் போட்டதுதான். திறன் பயிற்சியில் எனக்கு ஆறு மணி நேரம் குறைகிறதாம். ஆராய்ச்சி மாணவர்களுக்கு எழுதக் கற்றுத்தருகிறோம், மேடையில் பேசக் கற்றுத்தருகிறோம், கைடிடம் பக்குவமாக நடந்துகொள்ளக் கற்றுத்தருகிறோம் என்று நீங்கள் எல்லாம் கிளம்பியதிலிருந்து எங்களுக்கு ஆராய்ச்சி செய்யத்தான் நேரமில்லை.

லேபில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். வாயைத் திறந்தால் "ஒரு சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பாள். மூன்றாம் நாளே சந்தேகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புகிறாள்.

இனி விஷயம். எங்கள் பூஞ்சை வித்துகளை எல்லாம் விரல் நீளக் குழாய்களில் போட்டு மைனஸ் எண்பதில் ஒரு ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா. அதன் முகப்பில் ஒரு வட்டத் தாள் சுற்றும். உள்ளே எவ்வளவு குளிர் என்பதை பேட்டரியில் ஓடும் ஒரு பேனா முனை அதில் கோடாகப் போட்டுக்கொண்டே இருக்கும்; குளிர் குறைந்தால் கோடு வெளி ஓரத்துக்கு ஏறும். வாரம் ஒருமுறை தாளை மாற்றுவது ஐந்து வருடமாக என் வேலை. ஜனவரியில் நாலு நாள் விடுமுறை முடிந்து வந்து தாளைக் கழற்றினேன். கோடு நேராகப் போய், திடீரென்று வெளியே ஏறி, இரண்டு நாள் அங்கேயே சுற்றி, மறுபடி இறங்கியிருந்தது. மின்சாரம் நின்றிருக்கிறது, பிறகு எவரோ சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். நான் வந்தபோது எல்லாம் பழையபடி உறைந்து, ஒன்றும் அறியாததுபோல் இருந்தது.

அப்படி ஆனால் அலாரம் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் கத்துகிறது, எழுத முடியவில்லை என்று அதை இரண்டு வாரம் முன்னால் அணைத்தது நான்தான். மறுபடி போட மறந்துவிட்டேன். தாளை மடித்து என் நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

உருகி மறுபடி உறைந்ததில் பலவீனமான வித்துகள் செத்திருக்கும், முரடானவை மட்டும் மிஞ்சியிருக்கும். என் கடைசி அத்தியாயம் என்ன சொல்கிறது தெரியுமா? இந்தப் பூஞ்சை எதையும் தாங்கும் என்று சொல்கிறது.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். என்னிடம் இருந்தால் ஒருநாள் கிழித்துவிடுவேன். நீ வைத்திரு. என்ன செய்யட்டும், சொல்லு.

உன் தம்பி


ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் மாடி ஏறுகிறது, இறங்கத்தான் மறுக்கிறது. உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். தாள் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

டேய், ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் நான் எதற்கு வகுப்பு எடுக்கிறேன்? "கைடிடம் கெட்ட செய்தி சொல்வது" என்றே ஒரு அரைநாள் பயிற்சி இருக்கிறது. என்ன நடந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதில் உன் தப்பு என்ன என்பதை அடுத்து. இனி என்ன செய்யப் போகிறாய் என்பது அதற்கடுத்து. பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிப் படியில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அமைதி தாங்காமல் உளற ஆரம்பித்துவிடுகிறார்கள். நீ உளறாதே.

இந்த வாரமே சொல்லிவிடு. ஒரு அத்தியாயம் போனால் போகட்டும், ஆறு மாதத்தில் மறுபடி செய்துவிடலாம். நான்தான் பாதியில் விட்டுவிட்டு வந்தவள், நீயாவது ஒழுங்காக முடி. அம்மா இப்போதே எதிர்வீட்டம்மாவிடம் உன்னை டாக்டர் என்று சொல்லிவைத்திருக்கிறாள். அந்தம்மா இடுப்பு வலிக்கு மாத்திரை கேட்டிருக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் குழாய்களை உன்னைத் தவிர வேறு யாராவது எடுக்கிறார்களா? எடுத்தால் அவர்களையும் உடனே நிறுத்து.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள். கையில் ஒரு சின்னக் காயம் ஆகி ஆறிவிட்டது, பயப்படாதே. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உன் படிகளைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். செவ்வாய்க்கிழமை கைடு அறைக்குப் போனேன். உட்கார் என்றார், உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்துக்கு வாயைத் திறக்கிறேன், அவர் ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளி, "உன்னைத்தான் நினைச்சுட்டு இருந்தேன். நம்ம துறையில இந்த வருஷம் நேரத்துக்கு முடிக்கிறவன் நீ ஒருத்தன்தான். உன் பேரை மேலே அனுப்பியிருக்கேன்" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். உன் பயிற்சியில் இதற்கு ஒரு படி இருக்கிறதா?

மற்றபடி இங்கே வெயில் குறைந்திருக்கிறது. லேபில் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், எல்லாச் சாமானையும் நடுவில் குவித்துவைத்திருப்பதால் பக்கவாட்டில்தான் நடக்கிறோம். சந்தேகத்துக்கு வேலை ஆரம்பித்துவிட்டது. கைடு சொன்னபடி ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். "கீழ போட்டுடாத, ரெண்டு கையாலயும் பிடி" என்றேன். பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த நிமிஷம் திரும்பி வந்து, "ஒரு சந்தேகம், இதை எத்தனை மணிக்கு வெளியே எடுத்தா நல்லது?" என்றாள்.

அம்மாவுக்கு முழங்கால் உறை ஒன்று வாங்கிக் கொடு.

உன் தம்பி


ஜூலை 24

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் உறை வாங்கியாயிற்று. அம்மா அதைப் போட்டுக்கொண்டு எதிர்வீடுவரை காட்டப் போயிருக்கிறாள்.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. நான் கேட்டது வெயிலையும் வெள்ளையடிப்பையும் இல்லை.

கைடு பாராட்டினால் என்ன, "நன்றி சார், அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்று ஆரம்பிக்க வேண்டியதுதானே. வாயில் கொழுக்கட்டையா? வெறும் படிகள் உனக்குப் போதாது என்று தெரிந்துவிட்டது. நீ சொல்ல வேண்டியதை முழுதாகவே எழுதி வைத்திருக்கிறேன், பின்பக்கம் பார். பதினொரு வரிதான். மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்துவிட்டு வா. எழுதித் தந்ததைப் பார்த்துப் படித்தாலும் தப்பில்லை. அப்படிப் பார்த்துப் படித்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு.

உன்னைத் திட்ட எனக்கும் ஆசையில்லை. பயமாக இருக்கிறது, அதனால்தான்.

அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

சொல்லிவிட்டேன். நீ எழுதிக் கொடுத்தபடியே முதலில் நடந்தது, பிறகு என் தப்பு, பிறகு இனி செய்யப்போவது என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். கைடு குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, சொன்னதற்கு நன்றி, நேர்மைதான் ஆராய்ச்சிக்கு முக்கியம் என்று கை கொடுத்தார். புதுக் குழாய்களை வைத்து அத்தியாயத்தை மறுபடி செய்யலாம் என்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நீ இனிக் கவலைப்பட வேண்டாம்.

சந்தேகத்துக்குத்தான் நேரம் சரியில்லை. அவள் பூஞ்சை வளர்க்கும் தட்டுகளில் எதுவுமே ஒழுங்காக வளரவில்லை. ஒன்று வளர்ந்தால் பக்கத்துத் தட்டில் ஒன்றுமில்லை. அவளுக்குக் கை சரியில்லை என்று கைடு சொல்ல ஆரம்பித்துவிட்டார். காலையில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உன் தம்பி


செப்டம்பர் 12

என் அன்புத் தம்பிக்கு,

சுகம். இந்த மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான் நிஜமாக சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார்கள். என் தம்பி ஒரு பாடத்தில் பாஸ் பண்ணிவிட்டான் என்றேன். நான் எழுதித் தந்த வார்த்தைகள் ஒரு ஆளைக் கரையேற்றியிருக்கின்றன. பன்னிரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன், இப்படி ஒரு செய்தி எனக்கு வந்ததில்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் மதியச் சாப்பாட்டோடு போய்விடுவார்கள். அதன்பிறகு யார் என்ன ஆனார்கள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அந்த வட்டத் தாள் இன்னும் கொஞ்ச நாள் என்னிடமே இருக்கட்டும். ஒரு சின்ன வேலைக்கு வேண்டியிருக்கிறது. நல்ல வேலைதான்.

அந்தப் பெண்ணைக் கை பழகும் பயிற்சி எதற்காவது அனுப்பச் சொல். நிறைய பேருக்கு ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், தேறிவிடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பெருமையாக இருக்கிறதடா.

அக்கா


நவம்பர் 20

அக்கா,

நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று முன்தினம் எனக்குக் குறைந்த ஆறு மணி நேரத்தை முடிக்க இங்கே நடந்த பயிற்சிக்குப் போனேன். மேசைக்கு நாலு பேர். என் மேசையில் இரண்டு முதல் வருடப் பையன்கள், நான், சந்தேகம். லேபில் தேறவில்லை, பயிற்சியிலாவது தேறட்டும் என்று கைடுதான் அவளை அனுப்பியிருந்தார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சூழல் அட்டையை வைத்தார். முன்பக்கம் ஒரு சிக்கல் இருக்கும், அதைப் படித்து நடித்துக் காட்ட வேண்டும். பின்பக்கம் இருக்கும் விடையைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். எல்லாம் உனக்கே தெரியும். எங்கள் அட்டையை என் பக்கம் இழுத்தேன். வட்டத் தாளின் படம். அதன் கீழே, "கோடு நேராகப் போய், திடீரென்று வெளியே ஏறி". என் வரி, அக்கா. நான் உனக்கு எழுதிய வரி. அலாரம் இருந்தது. மடித்து நோட்டுக்குள் வைத்தது இருந்தது.

"அண்ணா, நீங்க மாணவரா இருங்க. நான் கைடா இருக்கேன், ஒரு நாளாவது இருந்து பார்க்கிறேன்" என்றாள் சந்தேகம். பையன்கள் சிரித்தார்கள். நீ எழுதித் தந்த பதினொரு வரியையும் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன். கண்ணாடி முன்னால் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், தானாக வந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டேன். பயிற்சியாளர் பக்கத்தில் வந்து நின்று, பிரமாதம், இயல்பாக இருக்கிறது என்றார்.

அவள் கைடு மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஒரு சந்தேகம். அந்தக் குழாயை வேற யாராவது எடுத்திருக்காங்களா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள்.

பதிலுக்குக் காத்திருந்தவள் அட்டையைப் பார்த்தாள். மாதத்தையும் வருடத்தையும் நீ மறைத்திருந்தாய், தாளின் ஓரத்தில் நான் எழுதிய தேதியை விட்டுவிட்டாய். 7. குறுக்கே கோடு போட்டு நான் எழுதுகிற 7. அவள் குழாய்களில் இருக்கும் எண்கள் எல்லாம் நான் எழுதியவை. நாலு மாதமாக அவள் படித்துக்கொண்டிருப்பது என் கையெழுத்தை. அட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

பயிற்சியாளர் பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். "மாணவர் தயங்காமல் கைடிடம் பேசினார். கைடு நன்றி சொன்னார். வேறு யாரும் பாதிக்கப்படவில்லை." எல்லா மேசையும் கை தட்டியது. அவளும் தட்டினாள்.

வெளியே வந்ததும், "எப்போ இருந்து தெரியும்?" என்று கேட்டாள். அவள் லேபில் சேர்வதற்கு ஐந்து மாதம் முன்பிருந்தே என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

நான் கைடிடம் சொல்லவே இல்லை, அக்கா. செப்டம்பர் கடிதத்தில் இருந்ததெல்லாம் நான் கட்டிய கதை. நீ பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய், உன் பயத்தையாவது நிறுத்தலாம் என்று நினைத்தேன். அவளுக்கு நான் எடுத்துக் கொடுத்ததும் அதே ஃப்ரீசரில் இருந்த பெட்டிதான். நீ இரண்டு தடவை கேட்டாய்.

ஜனவரி பத்தாம் தேதி அவளுடைய ஆறு மாத மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. கை சரியில்லை என்று கைடு எழுதிக் கொடுத்துவிட்டார், அப்படியே விட்டால் அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். குழாய்தான் கெட்டது, கை இல்லை என்று காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கிறது. உடனே அனுப்பு.

தம்பி


டிசம்பர் 2

தம்பிக்கு,

அம்மா சுகம். நான் இருக்கிறேன்.

உன்னிடம் கேட்காமல் செய்தது தப்பு. நல்லபடியாக முடிந்தது என்று நம்பித்தான் செய்தேன். பல இடங்களில் பயிற்சி தருகிறவர்கள் சேர்ந்து ஒரு பொதுத் தொகுப்பு வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஒரு அட்டை எழுதிப் போட வேண்டும். நான் இத்தனை வருடம் எழுதியதெல்லாம் கற்பனை. முதல்முறையாக ஒரு நிஜம் கையில் இருந்தது, அதுவும் என் தம்பி ஜெயித்த நிஜம் என்று நினைத்தேன். பெயரை எடுத்தேன், துறையை எடுத்தேன், ஊரை எடுத்தேன். அந்த 7 என் கண்ணில் படவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே அட்டையை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். தொகுப்பைப் பார்த்துக்கொள்கிறவர் பதில் போட்டிருக்கிறார். இந்த வருடம் அதிகம் பயன்பட்ட அட்டை அதுதானாம். மூன்று மொழிகளுக்குப் போய்விட்டதாம். அச்சடித்துக் கொடுத்ததை யாரிடமிருந்தும் திரும்ப வாங்க முடியாது, தொகுப்பிலிருந்து நீக்குவதென்றால் அடுத்த ஆகஸ்டில் குழு கூடி முடிவு செய்ய வேண்டும் என்கிறார். நல்ல அட்டை எழுதுவது எப்படி என்று மற்றவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

உன்மேல் கோபப்படலாமா என்று யோசித்தேன். எந்த முகத்தோடு கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? நீ கைடிடம் நேரில் பேசு, இப்போதாவது பேசு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


டிசம்பர் 15

அக்கா,

நலமா? உன் கவர் வந்தது. உதறிப் பார்த்தேன், கடிதம் மட்டும்தான் இருந்தது.

கைடிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே சொன்னேன், நீ எழுதித் தந்த வரி எதுவும் ஞாபகம் வரவில்லை, உளறினேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "எந்தத் தாள்? காட்டு" என்றார். அக்காவிடம் இருக்கிறது என்றேன். நம்பாமல் பார்த்தார். என்னிடம் இருந்தது அந்த அட்டைதான், அதைக் காட்டினேன். "இது பயிற்சிக்கு எழுதின கதைப்பா" என்று திருப்பித் தந்தார். "முதல்ல தீசிஸைக் கொடு, அப்புறம் பேசலாம். அந்தப் பொண்ணு விஷயத்துல நான் எழுதிக் கொடுத்தாச்சு. இப்ப மாத்தினா நான் எழுதினது பொய்னு ஆகும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனில், அது எப்போது வரும் என்று கேட்டேன். ஸ்பீக்கரில் அம்மா, "எதுடா?" என்றாள். "தபாலில் வரும்" என்றாய். இன்னும் வரவில்லை. பத்தாம் தேதிக்கு இருபத்தாறு நாள் இருக்கிறது.

தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

இதோடு அந்தத் தாள் இருக்கிறது.

தபாலில் தாமதம் என்று எழுத நினைத்தேன். வேலை அதிகம் என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டாயிற்று. மூன்று தடவை கவருக்குள் வைத்து முகவரி எழுதினேன், மூன்று தடவையும் இழுப்பறையிலேயே போட்டுப் பூட்டினேன். இதை அனுப்பினால் உன் கடைசி அத்தியாயம் போகும், பட்டம் போகும், அலாரத்தை அணைத்தவன் என்ற பெயர் உன்னோடு வரும். அந்தப் பெண்ணை நான் பார்த்தது கிடையாது. உன்னை ஒன்றரை வயதிலிருந்து இடுப்பில் தூக்கியிருக்கிறேன். பத்தாம் தேதி போகட்டும் என்று காத்திருந்தேன். அதுதான் உண்மை.

பதினொன்றாம் தேதி காலையில் எனக்கு வகுப்பு. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று பலகையில் எழுதினேன். ஒரு பெண், "நீங்க அப்படிச் சொல்லியிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டாள். என் கைடிடம் ஒன்று சொல்ல முடியாமல்தான் நான் படிப்பை விட்டேன் என்று உனக்கே நான் சொன்னதில்லை, அவளிடம் எப்படிச் சொல்வது? அடுத்த அட்டைக்குப் போகலாம் என்றேன்.

திட்டியாவது எழுது.

அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் இல்லை. இதுவரை எழுதிய நலத்தில் பாதி பொய் என்பதால் இனி அந்த வார்த்தையை எழுதும்போது யோசித்துத்தான் எழுதப் போகிறேன். நீ நலமா, அம்மா நலமா என்பது மட்டும் நிஜமாகத் தெரிய வேண்டும்.

சந்தேகத்தின் மதிப்பீட்டுக் குழு கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். ஆதாரம் இருக்கிறதா என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். வரும் என்றிருக்கிறாள். நானும் உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். வாசல்வரை போனேன், கைடு உள்ளே இருந்தார், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று திரும்பியவன் குழாயடியிலேயே நின்றுவிட்டேன். அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

உன் தாள் ஜனவரி இருபத்திரண்டாம் தேதி வந்தது. அதைக் கைடிடம் கொடுத்தேன். பார்த்தார், மேசை இழுப்பறையில் வைத்தார். நம் வீட்டில்தான் இழுப்பறை வழக்கம் என்று நினைத்திருந்தேன். டிசம்பர் கடைசியிலேயே தீசிஸைக் கொடு என்றார், கொடுத்திருந்தேன். இப்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று பல்கலைக்கழக ஆபீஸில் போய்க் கேட்டேன். அங்கே இருப்பவர் நல்ல மனிதர்தான், தேடிப் பார்த்துவிட்டு, கொடுப்பதற்குத்தான் படிவம் இருக்கிறது, எடுப்பதற்கு இல்லை, கைடு எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். கைடு எழுதமாட்டார். போன வெள்ளிக்கிழமை முடிவு வந்துவிட்டது. தேர்வாளர்கள் கடைசி அத்தியாயத்தைத் தனியாகப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த ஆறு மணி நேரமும் என் பெயரில் சேர்ந்துவிட்டது.

சந்தேகம் சனிக்கிழமை மேசையைக் காலி செய்தாள். உதவட்டுமா என்று பக்கத்தில் போனேன். இருந்ததே ஒரு பை. குழாய்ப் பெட்டியைத் திருப்பி என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அப்போதுதான், "ஒரு சந்தேகம் அண்ணா. இதை என்கிட்ட கொடுக்கும்போது ரெண்டு கையாலயும் பிடின்னு சொன்னீங்களே, எதுக்கு?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. எப்போதும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நின்று பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு போனாள்.

அந்தப் பெட்டி இப்போது ஃப்ரீசரில் இல்லை, என் மேசைமேல் இருக்கிறது. உருகிக் கிடக்கிறது, அலாரம் எதுவும் அடிக்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன். டாக்டர் ஆகிவிட்டேன் என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டும், எப்படி ஆனேன் என்பதையும் சொல்ல வேண்டும். எதையும் எழுதிவைத்துக்கொண்டு படிக்கப் போவதில்லை. நடுவில் நான் நிறுத்திவிட்டால் நீ எடுத்துச் சொல்லாதே. ஸ்பீக்கரைப் போட்டே வை.

உன் தம்பி